மலைக்காற்றும் மோட்டார் வண்டியின் மூச்சும்

கேமரன் மலைக்குப் போகாத தோட்டக் குடும்பம் நம்மிடையே குறைவாகத்தான் இருக்கும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு பானைச் சோற்றையும் கட்டிக்கொண்டு, தேயிலைச் சரிவையும் மூடுபனியையும் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். மலைத்தோட்டத்தில் பிறந்து ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கோ அது உல்லாசப் பயணமல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெற்றோரைப் பார்க்க ஏறி இறங்க வேண்டிய வீட்டுப் பாதை.

இம்முறை அந்தப் பாதையில் உங்களை வேறொரு காட்சி காண அழைத்துச் செல்கிறோம். தேயிலையை அல்ல, வண்டியின் முன்மூடிக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். அதற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர்கள் பலர் தங்கள் வீராவுக்கும் சத்திரியாவுக்கும் மைவிக்கும் பெரிய 'த்ரோட்டல் பாடி' மாட்டிக்கொள்கிறார்கள். "மலையேற நன்றாக இழுக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார். மகன் அதைப் பூட்டிவிட்டு, அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படுகிறான். அந்தச் சொல் மெய்தானா? பூட்டியபின் வேறென்ன செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் என்ன நேரும்? வாருங்கள், பாதையோடு போய்ப் பார்ப்போம்.

தாப்பாவிலிருந்து ஏறும்போது

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1885-ல் இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் மலை தாங்கி நிற்கிறது. லாத்தா இஸ்கந்தார் அருவியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு மேலே ஏறினால், பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் கொட்டகைகள் வரும். வளைவுக்குமேல் வளைவாக ஏறிப் பேராக் எல்லையைக் கடந்து பகாங்கில் நுழைந்தால் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் காது அடைக்கிறது என்பார்கள். பின்னிருக்கையில் கிடக்கும் முறுக்குப் பொட்டலத்தைப் பாருங்கள். தாப்பாவில் தளர்ந்து கிடந்த அது, ஊதிய பலூனைப் போல் உப்பியிருக்கும். உள்ளே இருப்பது அதே காற்றுத்தான். வெளியே இருந்து அதை அழுத்திக்கொண்டிருந்த காற்றுத்தான் குறைந்துவிட்டது.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் காற்றின் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அங்கே அது 84 அல்லது 85 தான். மலைத்தோட்டத்துத் தாய்மார்களுக்கு இது புத்தகப் பாடமல்ல. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் பருப்பு வேகக் கீழ்நாட்டைவிட நேரமாகிறது. அடுப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரம் உண்ணும் உணவு

பெட்ரோல் மட்டும் இருந்தால் வண்டி ஓடாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க வண்டி ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை இழுத்தாக வேண்டும். வண்டி அதிகம் உண்பது காற்றைத்தான். பெட்ரோல் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கறி என்றே சொல்லலாம்.

சோறு குறைந்தால் கறியையும் குறைக்க வேண்டும் அல்லவா? மலையில் அழுத்தம் குறைவு. ஆனால் குளிரினால் காற்று சற்று அடர்த்தி பெறுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், தானா ராத்தாவில் இயந்திரத்தின் ஒவ்வொரு மூச்சிலும் எட்டில் ஒரு பங்கு காற்று குறைவு. கீழே 100 குதிரைத்திறன் தந்த வண்டி அங்கே 87, 88 தான் தரும். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்தை நெருங்கினால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டி அந்தச் சிகரச் சாலையில் ஏறும்போது வண்டி முனகுவது ஏற்றத்தினால் மட்டுமல்ல.

லேண்ட் ரோவர் காலத்துப் பாடம்

கேமரன் மலையில் தேயிலை தழைத்த கதையிலேயே இயந்திரங்களும் இருக்கின்றன. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு பழைய நீராவி உருளை வண்டியும், கோவேறு கழுதைகளும், நம் முன்னோரின் கைகளும்தான் காட்டைச் சரிவுத் தோட்டமாக்கின. பின்னாளில் வந்தது லேண்ட் ரோவர். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்த வண்டிக்கு, போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டினால் அலுமினிய உடல் அமைத்தார்கள். இந்த மலையில் காய்கறிக் கூடைகளோடும் தேயிலை மூட்டைகளோடும் அது இன்றும் ஓடுகிறது.

பெட்ரோலில் ஓடிய பழைய லேண்ட் ரோவர்களில் இருந்தது கார்புரேட்டர். அதில் பெட்ரோல் வரும் 'ஜெட்' துளையின் அளவு மாறாதது. காற்று மெலிந்தாலும் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. எனவே மலையில் கலவை கொழுத்துப் போகும், புகை கறுக்கும், பிளக்கில் கரி படியும். மலையிலிருந்த பட்டறைக்காரர் சிறிய ஜெட் போட்டுச் சரிசெய்வார். அந்த வண்டியே தாப்பாவுக்கு இறங்கினால் நிலைமை தலைகீழ்: அங்கே காற்று மிகுதி, பெட்ரோல் போதாது, இயந்திரம் சூடேறும். மேலே பொருந்திய அளவு கீழே பொருந்தவில்லை. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினி வந்த பிறகும் இது மாறவில்லை.

கணினி செய்யும் கணக்கு

1985-ல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் வண்டிதான். பின்னர் வந்த வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையை ஒரு சிறு கணினி எடுத்துக்கொண்டது. பட்டறையில் அதை இ.சி.யு. என்பார்கள்.

அந்தக் கணினிக்குக் கண் கிடையாது. செய்தி சொல்லும் சென்சார்கள்தான் உண்டு. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை ஒன்று சொல்லும். அதற்கு 'மேப்' சென்சார் என்று பெயர். சில வண்டிகளில் அதற்குப் பதிலாகக் காற்றோட்டத்தையே அளக்கும் மானி இருக்கும். த்ரோட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒன்று சொல்லும். காற்றின் சூட்டையும் தண்ணீரின் சூட்டையும் வேறு இரண்டு சொல்லும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிச்சம் என்ன என்று பார்த்துச் சொல்லும். இவற்றைக் கேட்டு, தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, இவ்வளவு பெட்ரோல் என்று கணினி முடிவு செய்கிறது.

மேப் சென்சார் உள்ள பல வண்டிகள், நீங்கள் சாவியைத் திருப்பியதும், இயந்திரம் ஓடுமுன்னே வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படித்துவிடும். நாம் மலையில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். அதனால்தான் இக்கால வண்டிகள் தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் ஜெட் மாற்றாமலே போய்வருகின்றன. வண்டியைச் செய்தவர்கள் அந்த அட்டவணையைப் பல உயரங்களிலும் பல தட்பவெப்பங்களிலும் சோதித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வாசல் பெரிதானால்?

இப்போது த்ரோட்டல் பாடிக்கு வருவோம். அது காற்றுக் குழாயில் இருக்கும் ஒரு வாசல்; உள்ளே ஒரு வட்டத் தகடு கதவாக நிற்கிறது. நீங்கள் எண்ணெய்க் கட்டையை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்தால் மூடும். 50 மில்லிமீட்டர் வாசலை எடுத்துவிட்டு 60 மில்லிமீட்டர் வைத்தால், குறுக்களவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் திறப்பின் பரப்போ 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அதே அளவு மிதித்தாலும் முன்பைவிட அதிகக் காற்று நுழைகிறது. மாட்டியவுடன் வண்டி துள்ளுவது இதனால்தான். "ஆகா, சக்தி கூடிவிட்டது!" என்று நினைக்கத் தோன்றும். பல நேரங்களில், முன்பு அரை மிதியில் கிடைத்தது இப்போது கால் மிதியில் கிடைக்கிறது. முழு மிதியில் கிடைப்பது அதேதான்.

திருவிழாவில் கோயில் வாசலை அகலப்படுத்தினால், வெளியே கூட்டம் முட்டி நின்றால்தான் பயன். இயந்திரத்திலும் அப்படியே. பழைய வாசல் காற்றை மறிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு எளிய சோதனை உண்டு: முழு மிதியில், இயந்திரம் வேகமாகச் சுழலும்போது, மேப் சென்சார் காட்டும் அளவைப் பட்டறையில் படிக்கச் சொல்லுங்கள். வெளிக்காற்று 100 என்னும்போது உள்ளே 97, 98 காட்டினால் வாசலில் தடையே இல்லை. பெரிய வாசலுக்குக் கொடுக்கும் பணம் வீண். 90-க்குக் கீழே போனால், பாதையில் எங்கோ தடை இருக்கிறது. அது அழுக்கேறிய காற்று வடிகட்டியாகவும் இருக்கலாம்.

மலை எடுத்துக்கொண்ட காற்றைப் பெரிய த்ரோட்டல் பாடி திருப்பித் தருமா? தராது. வெளியே 85 இருக்கும்போது வாசலை எவ்வளவு அகலமாக்கினாலும் உள்ளே 85-க்கு மேல் வராது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால்தான் அதை மீட்க முடியும். "மலையேற இழுக்கும்" என்ற சொல்லின் மதிப்பு இவ்வளவுதான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற மலையில் 1916 முதல் கார்ப் பந்தயம் நடக்கிறது. பந்தயம் முடியும் இடம் 4,302 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் 60 விழுக்காடுதான். உலகின் தேர்ந்த பட்டறைக்காரர்கள் எல்லாம் அந்த மெலிந்த காற்றோடு மல்லுக்கட்டினார்கள். 2018-ல் ரோமன் டுமா என்ற பிரெஞ்சு ஓட்டுநர் 7 நிமிடம் 57 விநாடியில் உச்சியை அடைந்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அவர் ஓட்டியது வோக்ஸ்வாகன் மின்சாரக் கார். மின்மோட்டாருக்கு மூச்சுவிடக் காற்றே வேண்டியதில்லை!

மாட்டியபின் செய்ய வேண்டியது

சரி, பையன் கேட்கவில்லை, மாட்டிவிட்டான். அப்படியே மலைக்கு விடலாமா? கூடாது. கணினிக்குப் புதிய வாசலை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். இதைத்தான் டியூனிங் என்கிறார்கள்.

முதலாவது, த்ரோட்டல் சென்சார். தகடு மூடியிருக்கும்போது பெரும்பாலான பழைய வண்டிகளில் அது அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டும். முழுதும் திறந்தால் 4 வோல்ட்டைத் தாண்டும். புதிய பாடியில் மூடிய நிலையிலேயே அளவு கூடிவிட்டால், காலை எடுத்த பிறகும் ஓட்டுநர் மிதித்துக்கொண்டிருப்பதாகவே கணினி எண்ணும். சில கணினிகள் இதைத் தாமே கற்றுத் திருத்திக்கொள்ளும். சிலவற்றுக்குக் கருவி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மின்கம்பி வழியே இயங்கும் த்ரோட்டல் உள்ள புதிய வண்டிகளில் அந்தக் கற்பித்தல் கட்டாயம்.

இரண்டாவது, நின்ற இடத்தில் ஓடும் ஐட்லிங். பெரிய தகடு மூடினாலும் ஓரத்தில் கசியும் காற்று அதிகம். இயந்திரம் ஏறி ஏறி இறங்கினால், சரிபார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, பெட்ரோல் அட்டவணை. மேப் சென்சாரோ காற்று மானியோ உள்ள வண்டியில் கூடுதல் காற்று கணினிக்குத் தெரிந்துவிடும், திருத்தம் சிறிதுதான். த்ரோட்டல் திறப்பை மட்டும் நம்பிக் கணக்குப் போடும் பந்தய வகைக் கணினியாக இருந்தால், அட்டவணை முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் பிழையைத் திருத்தும். முழு மிதியில் பல வண்டிகளில் அதன் பேச்சு எடுபடாது, அட்டவணை சொன்னதுதான் சட்டம். டர்போ இல்லாத இயந்திரத்துக்கு முழு மிதியில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை முதல் 13 பங்கு காற்று என்பது பாதுகாப்பான அளவு. பெட்ரோல் அதற்கும் குறைந்தால் 'நாக்கிங்' சத்தம் வரும். தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும்.

இங்கேதான் லேண்ட் ரோவர் பாடம் திரும்ப வருகிறது. மலையில் வைத்து டியூன் செய்த வண்டி, அட்டவணையில் 85-க்கு மேற்பட்ட கட்டங்களைத் தொட்டிருக்கவே முடியாது. அங்கே அந்தக் காற்றே இல்லை. அது தாப்பாவுக்கு இறங்கி, நெடுஞ்சாலையில் முழு மிதியில் ஓடும்போது, யாரும் சோதிக்காத கட்டங்களில் ஓடுகிறது. எனவே முழு மிதிச் சோதனையைக் கீழே, ஈப்போ போன்ற பட்டணத்தில், டைனோ மேடையில் வைத்துச் செய்யுங்கள். பிறகு மலைக்கு வந்து ஐட்லிங்கையும், குளிர்ந்த காலையில் கிளப்புவதையும், மெல்ல மிதித்து ஏறுவதையும் சரிபாருங்கள். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

இறங்கும்போது

ஏறும்போது சக்தி போதாவிட்டால் மெதுவாகப் போவோம், அவ்வளவுதான். இறக்கத்தில்தான் உயிர் இருக்கிறது. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி, மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ப் பாதையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். நாம் பேசும் கருவிக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த மலையின் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை அது நமக்குக் காட்டிச் சென்றது.

நீலகிரியில் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே இறங்கும் ஓட்டுநர்களை இரண்டாம் கியரிலேயே வரச் சொல்வார்கள். காரணம், கியரைக் குறைத்துக் காலை எடுத்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்; பிரேக் சூடேறாது. கணினி வண்டிகளில் இதற்கு ஓர் உதவியும் உண்டு. த்ரோட்டல் மூடியிருக்கிறது, ஆனால் இயந்திரம் வேகமாகச் சுழல்கிறது என்று கண்டால், கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும்.

இப்போது அந்த அரை வோல்ட் கணக்கை நினைத்துப் பாருங்கள். சென்சாரைத் திருத்தாமல் விட்ட வண்டியில், "கால் இன்னும் மிதியில்தான் இருக்கிறது" என்று கணினி நம்பிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் நிற்காது. கசியும் காற்றும் கூடுதல். ஓட்டுநர் காலை எடுத்தபின்னும் இயந்திரம் வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க வேண்டியது பிரேக்குத்தான். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர், மழையில், அம்மாவும் தங்கையும் பின்னால் இருக்க, சூடேறிய பிரேக்கை நம்பி இறங்கலாமா?

மிதியின் துள்ளலும் அப்படித்தான். நனைந்த வளைவில் மெல்லத் தொட்டாலே பாய்கிற வண்டி, பந்தயத் திடலுக்கு அழகாக இருக்கலாம். எதிரே காய்கறி லோரி வரும் மலைச்சாலைக்கு ஆகாது.

ஆகவே, வண்டி வைத்திருக்கும் தம்பிமார்களே, பட்டறையில் இந்த நான்கையும் கேளுங்கள்: பழைய வாசலில் தடை இருந்ததை அளந்து பார்த்தீர்களா? சென்சாரின் மூடிய அளவைச் சரிசெய்தீர்களா? முழு மிதியில் கலவையைக் கீழ்நாட்டில் அளந்தீர்களா? காலை எடுத்தால் பெட்ரோல் நிற்கிறதா? நான்காவதைக் கருவியில் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கருவிகளின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மலையிலிருந்து புறப்படுமுன், சமதளத்தில் வண்டியைக் கிளப்பி, சூடேறியபின் காலை எடுத்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். இயந்திரம் அமைதியாக, ஒரே சீராக ஓடுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். உறுமினாலோ ஏறி இறங்கினாலோ, "பட்டறைக்குப் போய்விட்டு வா அப்பா, அதுவரை நாங்கள் பேருந்தில் வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். தானா ராத்தாவிலிருந்து பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.